6 எஃப்இசட்100 பேட்டரி, மண்டபத்தில் ஒரே ஒரு பிளக்: 2 ஸ்லாட் சார்ஜரா, 4 ஸ்லாட்டா?

பாலக்கோட்டுப் பையன் (பாலக்கோடு), ஞாயிறு இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணம், மஞ்சள் நீர், காதுகுத்து எல்லாம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கையில் சோனி ஏ7 மார்க் 4 ஒன்று, ஏ7 மார்க் 3 ஒன்று. இரண்டுக்கும் ஒரே எஃப்இசட்100 பேட்டரிதான். மொத்தம் 6 வைத்திருக்கிறேன். 2 ஒரிஜினல், 4 வேறு கம்பெனி.

நம் பக்கத்துக் கல்யாணம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். முதல் நாள் சாயங்காலம் பெண்ணழைப்பு, வரவேற்பு. மேடையை விட்டு இறங்க இரவு பத்தரை ஆகிவிடும். முகூர்த்தம் நாலரை - ஆறு என்றால் மூன்றரைக்கே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். நடுவில் கிடைப்பது ஐந்து மணி நேரம். கொடுக்கிற அறையில் ஒரு பிளக்தான் ஒழுங்காக இருக்கும். அதற்கும் நாதஸ்வரக்காரர், சமையல்காரர் என்று எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இப்போது வைத்திருப்பது 2 ஸ்லாட் யுஎஸ்பி சார்ஜர். பத்தரைக்குப் போட்டுவிட்டு நாலு மணிக்கு எடுத்தால் இரண்டுமே 70 சதவீதத்தில் நிற்கின்றன. மண்டபத்தில் வோல்டேஜ் குறைவு என்று நினைக்கிறேன். 4 ஸ்லாட் சார்ஜர் வாங்கிவிட்டால் பிரச்சினை தீருமா? எதை வாங்கலாம்?

ஊத்தங்கரை ஸ்டுடியோ (ஊத்தங்கரை), ஞாயிறு இரவு 9.40

தம்பி, சோனியின் ஒரிஜினல் சார்ஜர் பிசி-க்யூஇசட்1 இரண்டு வாங்கிவிடு. காலிப் பேட்டரி சுமார் இரண்டரை மணி நேரத்தில் நிறையும். பத்தரைக்கு இரண்டு போடு, ஒரு மணிக்கு மாற்று, மூன்றரைக்கு நாலு பேட்டரி கையில். அசிஸ்டென்ட் பையன் எதற்கு இருக்கிறான்? அலாரம் வைத்து எழுப்பிவிடு.

யுஎஸ்பி, டிஸ்பிளே, நாலு ஸ்லாட் எல்லாம் விளம்பரத்துக்குத்தான். ஃபிலிம் காலத்திலிருந்து தொழில் பார்க்கிறேன், தனித்தனிச் சார்ஜர்தான் கடைசி வரைக்கும் உழைக்கும்.

போச்சம்பள்ளி சந்தை (போச்சம்பள்ளி), ஞாயிறு இரவு 10.05

ஒரிஜினல் ஒன்று வாங்குகிற காசில் வெளிக்கம்பெனி சார்ஜர் மூன்று நான்கு வாங்கிவிடலாம். உள்ளே இருப்பது எல்லாம் ஒரே சைனா போர்டுதான். ஆன்லைனில் எது மலிவோ அதில் நாலு ஸ்லாட் பார்த்து எடுங்கள். பெட்டியிலேயே ‘ஃபாஸ்ட் சார்ஜிங்’ என்று போட்டிருப்பான்.

ஒசூர் பெஞ்ச் (ஒசூர்), ஞாயிறு இரவு 10.31

வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இப்போது இருக்கும் சார்ஜரைக் கவிழ்த்து, அடியில் பொடி எழுத்தில் இருப்பதை அப்படியே இங்கே எழுதுங்கள். சுவரில் செருகும் அடாப்டரில் இருப்பதையும் எழுதுங்கள். எந்த ஒயரில் மாட்டுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எத்தனை ஸ்லாட் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

பெட்டியில் இருக்கும் ‘ஃபாஸ்ட்’ என்ற சொல்லுக்கு அளவு கிடையாது. வாட்டுக்கு உண்டு.

பாலக்கோட்டுப் பையன், ஞாயிறு இரவு 10.48

பார்த்துவிட்டேன் அண்ணா. சார்ஜர் அடியில்: இன்புட் 5 வோல்ட் 2 ஆம்பியர். அவுட்புட் 8.4 வோல்ட் 600 மில்லி ஆம்பியர், பெருக்கல் 2. அடாப்டர் பழைய சாம்சங் போனுக்கு வந்தது, 5 வோல்ட் 1 ஆம்பியர். ஒயர் சார்ஜருடன் வந்ததுதான், ஒரு ஜாண் இருக்கும்.

ஒசூர் பெஞ்ச், ஞாயிறு இரவு 11.20

கிடைத்துவிட்டது. மண்டபத்து வோல்டேஜுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் அடாப்டரிலேயே 100-240 வோல்ட் என்று போட்டிருக்கும், பாருங்கள். லைன் 170க்கு இறங்கினாலும் அது தன் 5 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். எஃப்இசட்100 என்பது 7.2 வோல்ட், 2280 மில்லி ஆம்பியர் அவர், அதாவது 16.4 வாட் அவர், அதுதான் அதன் மொத்தக் கொள்ளளவு. இரண்டு பேட்டரிக்கு 32.8. உங்கள் அடாப்டர் கொடுப்பது 5 வோல்ட் பெருக்கல் 1 ஆம்பியர், 5 வாட். சார்ஜர் அந்த 5 வோல்ட்டை 8.4க்கு ஏற்றும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும். 85 சதவீதம் தேறும் என்று வைத்துக்கொண்டால் பேட்டரிக்குள் போவது 4.25 வாட். பத்தரையிலிருந்து நாலு மணி வரை ஐந்தரை மணி நேரம், அதாவது 23 வாட் அவர் சொச்சம். 32.8இல் 23 என்றால் எவ்வளவு? உங்கள் 70 சதவீதம்தான்.

அடாப்டரை 2 ஆம்பியருக்கு மாற்றினாலே வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனால் அதோடு நின்றுவிடும். ஏனென்றால் சார்ஜர் லேபிளிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. அவுட்புட் 8.4 பெருக்கல் 0.6 பெருக்கல் 2, கிட்டத்தட்ட 10.1 வாட். இன்புட்டோ 10 வாட். உள்ளே போவதைவிட வெளியே வருவது அதிகம்! இரண்டு பேட்டரி போட்டால் 600 மில்லி ஆம்பியர் எந்தக் காலத்திலும் கிடைக்காது. ஒன்று மட்டும் போட்டால் கிடைக்கும்.

ஒரு போர் மோட்டாரில் நாலு பாத்திக்குத் தண்ணீர் திருப்பினால் பாத்திதான் நாலு, தண்ணீர் அதேதான். 5 வோல்ட் 2 ஆம்பியரில் ஓடும் 4 ஸ்லாட் சார்ஜர் விற்கிறார்கள்; அதில் நாலு எஃப்இசட்100 போட்டால் எட்டு மணி நேரம்கூடப் பத்தாது. அதை வாங்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது என்ன என்று பின்னாலிருந்து வருவோம். 6 பேட்டரியும் சுத்தமாகக் காலி என்றால் 98.4 வாட் அவர். சேதாரம் சேர்த்து 116. ஐந்து மணி நேரத்தில் நிறைய வேண்டும் என்றால் சுவரிலிருந்து 23 வாட்டுக்குக் குறையாமல் இழுக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் லித்தியம் பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும், அதற்கும் சேர்த்து 30 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி பிடி (பவர் டெலிவரி, அதாவது அடாப்டரிடம் 5 வோல்ட்டுக்கு மேல் கேட்டு வாங்கும் முறை) வகையில் 9 வோல்ட் 3 ஆம்பியர் இன்புட் எடுக்கும் சார்ஜர் என்றால் 27 வாட். 9 வோல்ட் 2 ஆம்பியர் எடுக்கும் 2 ஸ்லாட் சார்ஜர் இரண்டு வைத்தால் 36 வாட். பெட்டியின் பின்பக்கத்தில் ‘9 வோல்ட்’ என்ற எழுத்தே இல்லை என்றால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மாங்கனி (கிருஷ்ணகிரி), திங்கள் காலை 7.15

பெஞ்ச் அண்ணா கணக்கு சரி. ஆனால் கேள்வியை வேறு மாதிரியும் பார்க்கலாம். நான் குழந்தைகளை எடுக்கிறேன், கேனான் ஆர்6. கேமராவே ஒரு சார்ஜர் என்பதை யாரும் சொல்லவில்லையே!

தம்பியின் இரண்டு கேமரா பாடியிலும் டைப்-சி இருக்கிறது. ஆஃப் செய்துவிட்டு ஒயரை மாட்டினால் உள்ளே இருக்கும் பேட்டரி ஏறும். ஆக இரண்டு ஸ்லாட் ஏற்கெனவே கையில் இருக்கிறது. என் ஆர்6க்குப் பிடி அடாப்டர்தான் வேண்டும், சாதாரண போன் அடாப்டருக்கு அது மசியாது. நிக்கான் இசட்6 வகைக்காரர்கள் பேட்டரி எழுத்தைப் பார்க்க வேண்டும். இஎன்-இஎல்15பி, 15சி உள்ளேயே ஏறும். பழைய 15, 15ஏ ஏறாது.

இன்னொன்று. நாலையும் சேர்த்து ஏற்றும் சார்ஜரைவிட, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் சார்ஜர் சில நேரம் நல்லது. 10 வாட்டில் இரண்டு பேட்டரியைச் சேர்த்துப் போட்டால் இரண்டு மணி நேரம் கழித்து இரண்டும் பாதி. ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் அதே நேரத்தில் ஒன்று நிறைந்திருக்கும். மாப்பிள்ளை அழைப்புக்குத் திடீரென்று கூப்பிட்டால் எது உதவும்? டிஜேஐ மினி ட்ரோனின் சார்ஜிங் ஹப் அப்படித்தான் வேலை செய்கிறது. அதிகமாக மிச்சம் இருக்கும் பேட்டரியை முதலில் எடுத்துக்கொள்ளும்.

ஊத்தங்கரை ஸ்டுடியோ, திங்கள் காலை 8.02

அதைத்தானே அம்மா நானும் சொல்கிறேன். தனிச் சார்ஜர் இரண்டு என்றால் எப்போதும் ஒன்று நிறைந்து கைக்கு வரும். அவுட்புட்டும் 8.4 வோல்ட் 1.6 ஆம்பியர் என்று தெளிவாக அச்சடித்திருப்பான். ஏமாற்று இல்லை.

கேமராவை ஒயர் மாட்டிக் கண்ட இடத்தில் வைப்பது எனக்குப் பிடிக்காது. யாராவது ஒயரைத் தடுக்கினால் பாடியோடு கீழே வரும். மண்டபத்து அறையில் நடக்க இடம் ஏது?

அப்புறம் இந்த வேக சார்ஜ், பேட்டரி ஆயுளைக் குறைக்காதா?

ஒசூர் பெஞ்ச், திங்கள் காலை 8.30

ஐயா, 2280 பேட்டரிக்கு 1.6 ஆம்பியர் என்பது அதன் கொள்ளளவில் 0.7 பங்கு. சோனியே கொடுக்கும் வேகம் அது, ஒன்றும் ஆகாது. பிடி சார்ஜர்கள்கூட ஒரு ஸ்லாட்டுக்கு அதைத் தாண்டிக் கொடுப்பது அபூர்வம். பெட்டியில் இருக்கும் பிடி, சார்ஜருக்குள் எவ்வளவு வருகிறது என்பதற்குத்தான். பேட்டரிக்குள் போவதைச் சார்ஜர்தான் தீர்மானிக்கும்: முதலில் சீரான ஆம்பியர், 8.4 வோல்ட்டைத் தொட்டதும் ஆம்பியரைக் குறைத்துக்கொண்டே வரும்.

ஆயுளைத் தின்பது சூடு. 4கே வீடியோ ஓடிய பேட்டரியை உருவிய கையோடு சார்ஜரில் செருகுகிறார்கள். கையில் சுடுகிறது என்றால் கால் மணி நேரம் மின்விசிறிக்கடியில் போட்டுவிட்டு அப்புறம் செருகுங்கள். சார்ஜரைக் கட்டிலில் வைக்காதீர்கள். கல்யாண அறையில் கட்டில் முழுக்கப் பட்டுப்புடவையும் பையும் குவிந்திருக்கும், அந்தக் குவியலுக்குள் சார்ஜர் புதைந்து கிடப்பதை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். தரை, இல்லையென்றால் ஜன்னல் திட்டு.

மாங்கனி சொன்ன கேமரா யோசனை நல்ல யோசனை. தடுக்கும் பயத்துக்கு ஒரு வழி: கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து ஜிப்பைப் பாதி திறந்து விட்டு, பையைச் சுவரோரம் தள்ளிவிடுங்கள். மூட மட்டும் கூடாது.

மேலகிரி (தேன்கனிக்கோட்டை), திங்கள் மதியம் 1.10

நான் பறவை பார்க்கிறவன். கேஆர்பி (கிருஷ்ணகிரி) அணை, அஞ்செட்டிப் பக்கம் என்று சுற்றுவேன், பிளக் என்பதே கிடையாது. என் வழியைச் சொல்கிறேன், கல்யாணக்காரர்களுக்கும் உதவும்.

காரில் இன்வெர்ட்டர் வைத்து, அதில் 230 வோல்ட் சார்ஜர் மாட்டுவது வீண். 12ஐ 230 ஆக்கி, திரும்ப 8.4 ஆக்குகிறோம், இரண்டு தடவை சேதாரம், விசிறிச் சத்தம் வேறு. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் 30 வாட் பிடி அடாப்டர் ஒன்று போதும், யுஎஸ்பி சார்ஜர் அதிலேயே ஓடும். பாலக்கோட்டிலிருந்து அரூர் மண்டபத்துக்குப் போகிற வழியிலேயே ஒரு பேட்டரி பாதிக்கு மேல் ஏறிவிடும்.

பவர் பேங்க் 20000 மில்லி ஆம்பியர் அவர் என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, 74 வாட் அவர். சேதாரம் போக எஃப்இசட்100 மூன்று தடவை நிறையும், அவ்வளவுதான். யாராவது வெளிநாட்டுக் கல்யாணத்துக்குப் போவதாக இருந்தால் உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. ஒன்று 100 வாட் அவரைத் தாண்டினால் விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

மே மாதத்தில் நிறுத்திய காருக்குள் சார்ஜ் போடாதீர்கள். ஓடும்போது மட்டும்.

போச்சம்பள்ளி சந்தை, திங்கள் மாலை 6.45

சரி, 9 வோல்ட் பார்த்தே வாங்குவோம். என்னிடம் டைப்-சி உள்ள டூயல் (2 ஸ்லாட்) சார்ஜர் ஒன்று இருக்கிறது. மகனின் லேப்டாப் அடாப்டர் 65 வாட், அதில் மாட்டினால் விளக்கே எரியவில்லை. பழைய போன் அடாப்டரில் மாட்டினால் எரிகிறது. இது என்ன கூத்து?

ஒசூர் பெஞ்ச், திங்கள் இரவு 9.20

இது பெரிய கூத்துதான். லேப்டாப் அடாப்டரின் வாய் டைப்-சி. இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள ஒயரில், எதிரே ஆள் இருக்கிறதா என்று அடாப்டர் முதலில் சோதிக்கும். அதற்குச் சார்ஜருக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும். மலிவுச் சார்ஜர் செய்கிறவர்கள் சில பைசா மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். அடாப்டர் யாரும் இல்லை என்று நினைத்துக் கரண்டே விடாது. ஒரு பக்கம் பழைய அகலமான யுஎஸ்பி, மறுபக்கம் டைப்-சி உள்ள ஒயரில் இந்தச் சோதனை இல்லை, 5 வோல்ட் எப்போதும் இருக்கும், அதனால் எரிகிறது.

அந்த ரெசிஸ்டரையே விட்ட சார்ஜர் 9 வோல்ட் கேட்கவும் போவதில்லை. புதிதாக வாங்கும்போது இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள ஒயரில் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். ஆன்லைன் என்றால் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் பாருங்கள்.

அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்-’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று வரும். பெட்டியில் ஒரு பெயர், செயலியில் வேறு பொருள் என்று வந்தால் அதைத் தொடாதீர்கள்.

இரண்டு வாய் உள்ள அடாப்டர் வாங்கினால் இதையும் கவனியுங்கள்: 65 வாட் என்பது பெரும்பாலும் ஒரு வாய் மட்டும் வேலை செய்யும்போது. இரண்டாவதில் எதையாவது செருகினால் 45, 20 என்று பிரிந்துவிடும். பிரியும் அந்த நொடியில் முதல் வாயிலும் கரண்ட் விட்டு வரும். சார்ஜர் தானாகத் திரும்பத் தொடங்கிவிடும், பயம் வேண்டாம்.

பாலக்கோட்டுப் பையன், திங்கள் இரவு 9.58

இவ்வளவு விஷயம் இதில் இருக்கிறதா! இன்று வீட்டில் 2 ஆம்பியர் அடாப்டரில் மாட்டிப் பார்த்தேன், இரண்டு பேட்டரியும் நாலரை மணி நேரத்துக்குள் நிறைந்துவிட்டன. சார்ஜர் டிஸ்பிளே 100 காட்டியதும் எடுத்துக் கேமராவில் போட்டேன். ஒரிஜினல் 100, மற்றது 93 என்று காட்டியது. டிஸ்பிளேயை நம்பலாமா?

அப்புறம் ஃப்ளாஷுக்கு பென்சில் செல் 8 இருக்கிறது, ரீசார்ஜ் ஆகும் வகை. அதற்குத் தனிச் சார்ஜரா?

ஒசூர் பெஞ்ச், திங்கள் இரவு 10.25

சார்ஜர் டிஸ்பிளே பேட்டரியின் வோல்டேஜை வைத்து ஊகித்துச் சொல்கிறது. ஏறிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் உண்மையைவிடக் கொஞ்சம் கூடத் தெரியும். அதனால் பல சார்ஜர்கள் 90ஐத் தாண்டியதுமே பச்சை காட்டிவிடும். எஃப்இசட்100 கேமராவிடம் தானே பேசும், கேமரா சொல்லும் சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை வந்த பிறகும் அரை மணி நேரம் விட்டால் மிச்சமும் ஏறும். ஒரிஜினல் அல்லாத பேட்டரி 93 காட்டியதற்குச் சார்ஜரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மேலே 2600 என்று அச்சடித்துவிட்டு உள்ளே குறைவாக வைத்திருப்பது சந்தையில் சகஜம்.

பென்சில் செல் விஷயம் வேறு. அது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 1.2 வோல்ட். நிறைந்ததும் வோல்டேஜ் ஒரு துளி இறங்கும், அதைப் பார்த்துத்தான் சார்ஜர் நிறுத்தும். லித்தியம் சார்ஜரில் போடவே கூடாது. வாங்கும்போது நாலு செல்லுக்கும் தனித்தனி விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இரண்டாக ஏற்றும் சார்ஜரில் ஒன்று பாதி, ஒன்று காலி என்று ஜோடி சேர்ந்தால் ஒன்று வழியும், ஒன்று குறையும். அந்த ஃப்ளாஷ் அடுத்த நாள் தாலி கட்டும் நேரத்தில் மூச்சு வாங்கும்.

மாங்கனி, திங்கள் இரவு 10.40

செல்லைப் பேண்ட் பையில் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு: மொய்க் கவருக்கென்று வைத்திருக்கும் ஒரு ரூபாய் நாணயமும் அதே பையில்தான் இருக்கும். செல்லின் இரண்டு முனையையும் நாணயமும் சாவியும் சேர்ந்து தொட்டால் தொடை சுட்டுவிடும். எட்டு செல் பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பி கடையில் கிடைக்கிறது.

கேமரா பேட்டரிக்கு மார்க்கரால் 1 முதல் 6 வரை எண் போட்டுவிடு தம்பி. ஒரிஜினல் இரண்டும் 1, 2. முகூர்த்தத்துக்கு அவைதான் போக வேண்டும். எது சீக்கிரம் படுத்துக்கொள்கிறது என்பதும் எண் இருந்தால்தான் தெரியும். உப்பியது போல் தெரிந்தால் அதைச் சார்ஜரில் போடாதே, குப்பையிலும் போடாதே. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடு.

ஊத்தங்கரை ஸ்டுடியோ, செவ்வாய் காலை 7.50

எல்லாம் சரி. ஆனால் நாலு ஸ்லாட் ஒன்று வாங்கி அது இரவு இரண்டு மணிக்குப் படுத்துவிட்டால்? மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாற்றும்போது ஒரு உதை விழும். என் கண் முன்னால் சீரியல் செட்டே போயிருக்கிறது. எதையும் இரண்டாக வைத்துக்கொள் என்பதில் நான் மாற மாட்டேன்.

ஒசூர் பெஞ்ச், செவ்வாய் காலை 8.15

இதில் ஐயாவோடு நானும் உடன்படுகிறேன். நாலு ஸ்லாட் ஒன்றைவிட இரண்டு ஸ்லாட் இரண்டு. கூடவே சர்ஜ் (ஐயா சொன்ன அந்த உதை) தாங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று. லோடைப் பற்றிக் கவலை வேண்டாம், எல்லாம் சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரு ஃபேன் அளவுதான் இழுக்கும். பிளக் லூசாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மண்டபத்து சாக்கெட்டுகள் தேய்ந்துபோய், கனமான அடாப்டர் தலை குனிந்து தொங்கும். உள்ளே பொறி பறக்கும். அடாப்டரை நேராகச் சுவரில் மாட்டாமல் பாக்ஸைத் தரையில் வைத்து அதில் மாட்டுங்கள்.

பாலக்கோட்டுப் பையன், செவ்வாய் மதியம் 2.30

முடிவு செய்துவிட்டேன். 9 வோல்ட் 2 ஆம்பியர் எடுக்கும் டூயல் சார்ஜர் இரண்டு, இரண்டு வாய் 45 வாட் அடாப்டர் ஒன்று, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று. மிச்சம் இரண்டு பேட்டரி கேமராவிலேயே, பழைய 2 ஆம்பியர் அடாப்டர்களில். ஒரிஜினல் சார்ஜர் அடுத்த சீசனுக்கு.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆறு சாக்கெட் பார்த்திருக்கிறேன். மூன்று எனக்கு, மூன்று போன்காரர்களுக்கு. இடம் இல்லை என்றால்தானே நம்முடையதைப் பிடுங்குகிறார்கள்?

மேலகிரி, செவ்வாய் மாலை 5.05

நல்ல ஏற்பாடு. அடாப்டரில் வாங்கும்போது ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு வாயிலும் ஒயர் இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருப்பான். 25, 20 என்று பிரிந்தால் உங்கள் இரண்டு சார்ஜருக்கும் போதும். 30, 12 என்று பிரிகிற அடாப்டரும் இருக்கிறது, அதை எடுக்காதீர்கள்.